சபைக்கேற்ற சிங்களம்

என் சிங்களம் நல்ல சிங்களம். பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கிறேன். அரச அலுவலகங்களுக்குப் போனால் "மிஸ் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் நம்பாதது எனக்குப் பிடிக்கும். அந்தத் தலைக்கனம்தான் என்னைச் சர்வமதக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை. ஒரு விகாரையின் பௌத்த பிக்குவான ஹாமுதுரு, ஒரு கோயில் குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பாதர். செயலாளர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். ஹாமுதுருவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் வேனில் ஏறி ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவோம். குத்துவிளக்கு ஏற்றி, நான்கு பேரும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொடுப்போம். பிறகு மரக்கன்று நடுவோம். மரக்கறிச் சாப்பாடு எல்லாருக்கும் பொது என்பதால் கடைசியில் சோறும் பருப்பும்.

அவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான்கு பேரும் பேசுவது ஒன்றுதான். பொய் சொல்லாதே, மரத்தை வெட்டாதே, அயலவனை உன்னைப்போல் பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் எந்த மதம் என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது வசதி. பேச்சு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மௌலவி மூச்சு வாங்கும் நேரத்துக்குள் அடுத்த வரியையும் சேர்த்துச் சிங்களத்தில் சொல்லிவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதையும் நீங்களே சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்பார்.

மைக்கைக் கையில் எடுத்ததும் முதலில் நான் சொல்வது, "நானும் லயத்துப் பிள்ளைதான்" என்பது. கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் சொல்வேன்.

லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆவணி மாதம் நடந்த கூட்டம் அது. தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், அனுமதி தரவே இரண்டு மாதம் இழுத்தடித்தார். ஹாஜியார் மூன்று தடவை நேரில் போய்ப் பேசி வாங்கியிருந்தார். போகிற வழியில் வேனில் வைத்தே என்னிடம் சொன்னார்.

"தொரையும் வாறாரு டீச்சர். பிரச்சினைப் பேச்சு ஏதும் வந்தா கொஞ்சம் பாத்து, பதமாச் சொல்லுங்க. நாம நல்லிணக்கத்துக்குப் போறோம், சண்டைக்கு இல்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தத் தோட்டப் பாடசாலைக்கு ஒரு சின்ன நூலகம் அமைத்துக் கொடுப்பதாக இருந்தது. துரை மனம் கோணினால் அது நடக்காது. நானும் தலையாட்டினேன்.

விளையாட்டு மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் துரை, கால்மேல் கால் போட்டு. பேச்சுகள் முடிந்தன. யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஹாமுதுரு கேட்டார். அப்படிக் கேட்பது அவர் வழக்கம். யாரும் எழும்புவதில்லை என்பதும் வழக்கம். அன்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். கொழுந்து பறிக்கிற பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மைக் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் பேசினார்.

"சாமிமாரே, நாலு பேரும் வந்திருக்கீங்க, சந்தோசம். மரம் வேணாம்னு சொல்லல. எங்க லயத்துக்குப் பின்னால மலை பொளந்து கெடக்கு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது. கானுல ஓடுற மழத்தண்ணி அதுக்குள்ள எறங்கி எங்க அடுப்படியில சேறா வருது. சொவரு நகந்து கதவு எறுகிருச்சு, எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ சீவிட்டாரு, இன்னும் சாத்த மாட்டேங்குது. போன வருசம் மலைய அளந்துட்டுப் போன கவருமெண்டு ஆளுங்க எந்திரிச்சுப் போயிருங்கன்னாங்க, எங்க போறதுன்னு சொல்லல. தொரைகிட்ட நாங்க கேட்டா சத்தம் போடுறாரு. நீங்க நாலு பேரும் சேந்து கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. மரம் நடுறோம்னு அங்க வந்து குழி மட்டும் வெட்டிறாதீங்க, தண்ணி இன்னும் உள்ள எறங்கும். எங்கள கீழ எறக்கி விடுங்க."

துரைக்குத் தமிழ் தெரியும். காலைக் கீழே இறக்கி வைத்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். தமிழ் தெரிந்த மற்ற மூன்று பேரும் துரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹாமுதுரு காதை என் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயமில்லை. அதைப் பயம் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுகம். ஆனால் அது வெட்கம். அந்த அக்காவின் உரத்த குரலும், செருகின முந்தானையும், விரல் நீட்டிப் பேசின விதமும், விருந்தினர் முன்னால் எங்கள் ஆட்களே எங்களைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. பதுளை அலுவலகங்களில் நான் மறைத்துக்கொண்டு திரிந்த எல்லாமும் எழுந்து நின்று பேசியது. அதற்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் எல்லாருடைய வருகைக்கும் இந்த அம்மா நன்றி தெரிவிக்கிறார். இவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் அரிப்பு இருக்கிறதாம். அதைப் பற்றியும் கவனம் செலுத்தும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறார்." அழகான வாக்கியங்கள். பரீட்சையில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

ஹாமுதுருவின் முகம் மலர்ந்தது. மண் அரிப்புக்கு மரத்தைவிட வேறு மருந்து ஏது என்றார். மைதானத்தில் நடவிருந்த கன்றுகளில் பத்தை அந்த அம்மாவின் வீட்டுக்குப் பின்னாலேயே நடுவோம் என்றார். இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் விளங்காமல் உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் மேலே ஏறினோம். பத்துக் குழிகள் வெட்டினார்கள். நாவல், மருது, பலா. நான்கு மதத்தவரும் ஆளுக்கொரு கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, போட்டோ எடுத்தார்கள். வெடிப்பை நான் கண்ணால் கண்டேன். மேலே புல் மூடியிருந்தது. பாதர் அதில் கால் தடுக்கி, குருக்கள் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதையும் போட்டோ எடுத்துக் குழுவின் முகநூலில் போட்டார்கள். நிறையப் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். நானும்தான்.

திரும்பி வரும்போது மனசு கேட்கவில்லை. ஹாஜியாரிடம், "அந்த அக்கா சொன்னது கொஞ்சம் பெரிய விஷயம்" என்றேன். "வெளங்கிச்சு டீச்சர், எனக்கும் தமிழ்தானே. அடுத்த கூட்டத்துல பேசி, தொரைக்கு ஒரு கடிதம் எழுதுவோம்" என்றார். அடுத்த கூட்டம் பாடசாலைத் தவணைப் பரீட்சையால் தள்ளிப்போனது. திருத்தவேண்டிய பரீட்சைத் தாள்கள் என்னிடம்தான் இருந்தன. அதற்கடுத்தது ஹாஜியாரின் மகள் கல்யாணத்தால் தள்ளிப்போனது. கடிதத்தை நான் தனியாகவே எழுதியிருக்கலாம். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவள் அந்த வேனில் நான் ஒருத்திதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பின்நேரம், கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த வேளையில் மலை இறங்கியது. லயத்தில் பாதி போய்விட்டது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர் உள்ளே. அதில் ஒருவர் அந்த அக்காவின் வீட்டுக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் பட்ட காயம் ஆறாமல் படுத்திருந்தவர். நாங்கள் நட்ட பத்துக் கன்றுகளும் மண்ணோடு வந்து, கூரைத் தகரத்துக்கு மேலே கிடந்தன என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், ஆமிக்காரங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்க வாங்க." பாதையில் மண் விழுந்திருந்ததால் வேனை விட்டிறங்கி நடந்தோம். மீட்பு வேலை செய்த சிப்பாய்களுக்கும் சனங்களுக்கும் நடுவே நின்று அன்று முழுவதும் மொழிபெயர்த்தேன். எந்த அறை, எத்தனை பேர், கட்டில் எந்தப் பக்கச் சுவரோரம் இருந்தது. கட்டில் இருந்த இடத்தைச் சரியாகச் சொன்னதால் அந்த அக்காவின் வீட்டுக்காரர் உடம்பைப் பின்நேரத்துக்குள் எடுத்தார்கள். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. இனி மாற்ற என்ன இருக்கிறது?

மற்றவர்களைத் தோட்டப் பாடசாலையில் தங்க வைத்திருந்தார்கள். நல்லிணக்கம் என்று நாங்கள் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே மேடை இல்லாமல் நடந்தது. பள்ளிவாசல் இளைஞர்கள் முதல் நாள் ராத்திரியே சோற்றுப் பார்சல்களைத் தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். விகாரையிலிருந்து பாய்களும் போர்வைகளும். பாதர் வாசலில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தார். குருக்கள் மூன்று பிரேதங்களின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது யோசிக்க விரும்பவில்லை.

அந்த அக்கா ஐந்தாம் வகுப்பு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அந்த அறைப் பக்கம் போகாமலே இருந்தேன். ஹாமுதுருதான், "வாங்க, அந்த அம்மாவிடம் பேச வேண்டும்" என்று என்னைக் கூட்டிப் போனார். கதிரை கொடுத்தார்கள், வேண்டாமென்று அவருக்கு நேரே பாயில் உட்கார்ந்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"அம்மா, இவ்வளவு ஆபத்து என்று எங்களிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"வெளங்குது டீச்சர்."

பிறகு ஹாமுதுருவைப் பார்த்து, கடைவீதியில் பேசிப் பழகின சிங்களத்தில் சொன்னார். "மம கிவ்வா, ஹாமுதுருவனே." 'நான் சொன்னேன், சாமி' என்று அர்த்தம்.

ஹாமுதுருவுக்கு விளங்கவில்லை. எப்போது என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மிச்சத்த நீங்க சொல்லுங்க. எனக்கு அம்புட்டு வராது."

சொன்னேன். முழங்கை வரைக்கும் போகிற வெடிப்பு, அடுப்படிச் சேறு, சாத்தாத கதவு, அங்கே குழி வெட்ட வேண்டாம் என்றது, துரையிடம் நான்கு பேரும் சேர்ந்து கேளுங்கள் என்றது. இரண்டு மாதம் கழித்து, எல்லாமும் எனக்கு நினைவிருந்தது. இது எல்லாம் அன்றைக்கே இவர் சொன்னது, நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை என்றேன். என் நல்ல சிங்களம் இடையிடையே நின்று நின்று வந்தது. ஹாமுதுரு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அந்த அறையில் அழ உரிமை இல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று தெரிந்தும் வந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"நான் மாத்திச் சொன்னது அன்னைக்கே ஒங்களுக்கு வெளங்கியிருக்கு. ஏன்க்கா சும்மா உக்காந்தீங்க? சபையிலேயே சொல்லியிருக்கலாமே."

அவர் குரலில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை.

"நம்ம லயத்துப் புள்ள ஒண்ணு, அத்தன பெரிய மனுசங்க முன்னால மைக் புடிச்சு நின்னு பேசுது. இது தப்பாச் சொல்லுதுன்னு நான் எப்படி டீச்சர் எந்திரிச்சுச் சொல்றது? ஒங்களுக்கு அவமானமாப் போயிருமேன்னு இருந்துட்டேன்."

ஹாமுதுரு தலையை நிமிர்த்தி, இவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். அதையும் நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.