வெள்ளம் நின்ற அளவு

புவனகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சோலார் பண்ணை வரப்போகிறது என்று என்னிடம் முதலில் சொன்னவன் என் மனைவியின் தம்பி. தை மாதக் கடைசி ஞாயிறு. என் வயலுக்கு மேற்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பெருந்தரிசை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. மண்வேலை காண்டிராக்ட் மைத்துனனுக்கு. அவனிடம் ஒரு ஜேசிபியும் இரண்டு டிப்பரும் இருந்தன.

மாசியில் முள் முழுவதும் போயிற்று. சர்வே ஆட்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை வரிசையாக நட்டார்கள். ஒவ்வொரு குச்சி இருக்கும் இடத்திலும் ஓர் இரும்புக் கால் வரும் என்றார்கள். அந்த வாரம்தான் மைத்துனன் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, மழைக்காலத்துல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு எழுதி வெப்பீங்களே, அந்த நோட்டு வேணும். இஞ்சினியர் கேக்குறாரு.”

“அவருக்கு எதுக்கு மச்சான்?”

“கால எவ்ளோ ஒசரம் வெக்கணும்னு பாக்கத்தான். ஊர்ல ஒருத்தன் முட்டிங்கறான், ஒருத்தன் கழுத்துங்கறான். ஊருக்குப் பஞ்சாங்கம் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

பத்தொன்பது வருடமாகக் குறித்து வந்தது அது. தரிசை ஒட்டியிருந்த என் மோட்டார் கொட்டகைச் சுவரில் கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கிழமை ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்த வழியாக வடிந்தது என்று எழுதியிருந்தேன். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். அது போதாதென்று இஞ்சினியரை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். மேற்கிலிருந்து வரும் வெள்ளம் அந்தத் தரிசில் பரவி நின்றுவிடுவதால்தான் எங்கள் நெல் பிழைக்கிறது என்று நடந்து காட்டினேன். மைத்துனனும் கூடவே நடந்தான்.

பங்குனி முழுக்கக் கால் அறையும் மெஷின் சத்தம். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது வேலியோரம் நின்று பார்ப்பேன். கால்களின் தலையில் குறுக்குச் சட்டங்கள், தெற்குப் பார்த்த சரிவாக. அவற்றின்மேல் வடக்கத்தி ஆட்கள் கண்ணாடிப் பலகைகளை இருவர் இருவராகத் தூக்கி வைத்து முடுக்கினார்கள். தரைக்கடியில் கேபிள் ஓடியது. நேர்த்தியான வேலைதான். ஒன்று மட்டும் உறுத்தியது. கால்கள் என் இடுப்புக்குமேல் வரவில்லை. பெரிய வெள்ளம் வந்தால் பலகைகளின் கீழ்விளிம்பு நனைந்துவிடும்.

ஆடியில் டிப்பர்கள் வரத் தொடங்கின. பண்ணையைச் சுற்றி மண்கரை எழுந்தது. மைத்துனனிடம் போய்க் கேட்டேன்.

“தண்ணி உள்ள வரக் கூடாதில்ல மாமா. நீங்க எழுதுனதுலயே பெரிய அளவு எதுவோ, அதுக்கு மேல ஒரு அடி.”

“காலத்தான ஒசத்தப்போறாங்கன்னு சொன்ன?”

“கால ஒசத்துனா இரும்பு ஜாஸ்தியாவும். கரை போட்டுக்கலாம்னு நாந்தான் சொன்னேன். மண்ணு நம்ம வண்டிலதான வருது.” சிரித்தான்.

“அப்ப அங்க நிக்கிற தண்ணி எங்க போவும்?”

ஜேசிபி டிரைவரைக் கூப்பிட்டபடி அவன் நகர்ந்துவிட்டான். பதில் அவனுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனாலும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை, ஒரு வடிகாலாவது வெட்டாமலா விடுவான் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம் வந்த வெள்ளம் கரையில் முட்டி எங்கள் பக்கம் திரும்பியது. சம்பா பதினோரு நாள் முழுகிக் கிடந்து அழுகியது. என்னுடையதும் போயிற்று, பக்கத்து வயல்காரருடையதும் போயிற்று. அவர் என் எதிர்வீட்டுக்காரர். அந்த வயலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

மார்கழியில் அவர் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனார். கம்பெனி கொடுத்த பதிலோடு இணைத்திருந்த ஒரு தாளை நகலெடுத்து வந்து என் முன்னால் நீட்டினார்.

“அண்ணே, இது ஒங்க எழுத்துதான?”

“ஆமா.”

“மாமனும் மச்சானும் ஒக்காந்து அளந்து, தண்ணிய எங்க தலைல தள்ளிட்டீங்களே.”

“என் வயலும்தான முழுவிப்போச்சு.”

“ஒங்களுக்கு மாசம் பொறந்தா மருந்துக்கடைச் சம்பளம். நான் எங்க போவேன்?”

கால் உயரத்துக்கென்று சொல்லித்தான் வாங்கிப்போனான் என்று சொல்லியிருக்கலாம். ஆடியில் கரை எழும்பியபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று அடுத்துக் கேட்பார்.

பொங்கலுக்கு முதல் நாள் அக்காவுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுவருவது தம்பியின் முறை. மைத்துனன் ஒரு வருஷமும் தவறியதில்லை. அன்றும் வந்தான். பைக்கில் கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், பச்சரிசி மூட்டை. “அக்கா!” என்று தெருவே கேட்கக் கூப்பிட்டான். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி வெளியே வந்து, தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

“என்ன மாமா, இன்னும் கோவமா?” என்றான் மைத்துனன், கரும்பைச் சுவரில் சாய்த்தபடி.

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.