ஓடாத பாண்டியன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெயபாண்டி என் முதுகில் அட்டைக் கத்தியால் போட்ட போட்டை நான் இன்னும் மறக்கவில்லை. மதுரை காளவாசலில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். சரித்திரப் படம் ஒன்றையும் விடமாட்டான். பாண்டியன் தோற்றால் பக்கத்து சீட்டுக்காரனோடு சண்டைக்குப் போவான்.

அழகர்கோவில் பக்கம் அப்படி ஒரு படம் எடுக்க வந்தவர்கள் கூட்டக் காட்சிக்கு ஆள் கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் பாண்டியப் படை உடுப்பு. சோழப் படையைக் கண்டதும் சிதறி ஓட வேண்டும். எல்லோரும் ஓடினோம். இவன் மட்டும் ஈட்டியை ஊன்றி நின்றான்.

“ஓடுய்யா!” என்று டைரக்டர் மைக்கில் கத்தினார்.

“மதுரைக்காரன் ஓடுனான்னு எவண்ணே சொன்னது? கதைய மாத்துங்க.”

அவர் கதையை மாற்றவில்லை. இவன் உடுப்பை மாற்றிச் சோழப் படையில் விட்டார். விட்டதும் என்னைத்தான் விரட்டி விரட்டி அடித்தான்.

“ஏண்டா இம்புட்டு வேகமா அடிச்ச?”

“சோழன் பின்ன தடவியா குடுப்பான்?”

ஆனால் வீட்டில் போய், பாண்டியப் படையில் தான் ஒருவன்தான் கடைசிவரை நின்றதாகச் சொல்லிவிட்டான். போன வாரம் படம் வந்தது. அவன் மனைவி சோலையம்மாள் திருப்பரங்குன்றத்திலிருந்து பிறந்த வீட்டு ஆட்களையெல்லாம் திரட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டாள். திரையிலோ இவன் சோழனாக வரப்போகிறான். இடைவேளை முடிந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து என் காதில் குனிந்தான்.

“மாப்ள, நான் படத்துல வாரப்ப எந்திரிச்சு அவ முன்னால நின்னுக்க. கேட்டா காலு மரத்துப்போச்சுன்னு சொல்லு.”