ஏழு சங்குகளும் என் பொய்யும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு தூத்துக்குடி கடற்கரையில் நடந்தது இது. நான் பள்ளி ஆசிரியை. கேரட்டைக் குடைந்து குழல் ஊதுகிறவர், சமையல் பாத்திரங்களில் கச்சேரி செய்கிறவர் என்று விசித்திரமான இசை வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். சர்ச் பாடகர் குழுவில் பாடுவதால், யாருக்காவது ஸ்ருதி பிசகினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். திமிர்தான், வேறென்ன!

ஒரு மாலை, கடற்கரையில் சங்கு, சிப்பி விற்கும் ஒருவர் பலகையில் ஏழு சங்குகளை அடுக்கி, மாற்றி மாற்றி ஊதிப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கன்னங்கள் உப்ப, சங்கு எடுக்கிற அவசரத்தில் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, பார்க்கவே வேடிக்கை. இரண்டு சங்குகள் சுத்த அபஸ்வரம். டீச்சர் என்று அறிமுகம் செய்துகொண்டு, படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். ‘ஸ்ருதியைக் கடலில் தொலைத்த வித்வான்’ என்று தலைப்பு வைத்து இணையத்தில் போட்டேன். இரண்டே நாளில் ஊரே பார்த்துச் சிரித்தது.

அடுத்த வாரம் கடற்கரையில் என்னைப் பார்த்ததும் அவரே கூப்பிட்டார்.

"டீச்சர், இந்தப் பக்கமா வந்து பேசுங்க. சங்கு குளிக்கக் கடல்ல முங்கி முங்கி வலது காது சுத்தமாப் போச்சு. இடதும் பாதிதான்."

எனக்குச் சுருக்கென்றது.

"நம்ம வீடியோவ நெறைய பேரு பாத்திருக்காவளாமே? படிப்பு நமக்கு ஓடல, என்ன எழுதியிருக்காவன்னு நீங்களே வாசிங்க. எங்க தெருக் கோயில் திருவிழாவுல வாசிக்கக் கேட்டிருக்காவ. நல்லாருக்குன்னு ஊரு சொன்னா ஒத்துக்கிடலாம்னு இருக்கேன்."

போனைத் திறந்தேன். முழுக்கக் கேலி. நானோ "அருமை", "அற்புதம்", "இப்படிக் கேட்டதே இல்லை" என்று இல்லாததை எல்லாம் வாசித்தேன்.

அவர் மெல்லச் சிரித்தார். "போதும் டீச்சர். கடலுக்கடியில பேச்சு கெடையாது. கூட முங்குறவன் மூஞ்சிய, கண்ணப் பாத்துத்தான் எல்லாம் தெரிஞ்சிக்கிடுவோம். உங்க மூஞ்சி வேற சொல்லுது. உள்ளதச் சொல்லுங்க, திருவிழாவுல எம் புள்ளைங்க முன்னால நான் அசிங்கப்படக் கூடாது."

அழுதுவிட்டேன். அபஸ்வரத்தையும் சொன்னேன், நான் வைத்த தலைப்பையும் சொன்னேன். அவர் சங்குப் பலகையை என் பக்கம் நகர்த்தி, "எதெல்லாம் சரியில்ல, காட்டுங்க" என்றார்.

வீடியோவை அங்கேயே அழித்தேன். அவர் கடையிலிருந்த சங்குகளை ஒவ்வொன்றாக ஊத, ஸ்ருதி கூடினால் கையை மேலேயும் குறைந்தால் கீழேயும் காட்டினேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு சங்குகளுக்கும் மாற்று கிடைத்துவிட்டது.

திருவிழாவில் முதல் வரியை வாசித்து முடித்ததும் அவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். என் முகத்தைப் பார்த்தார். அடுத்த சங்கைக் கையில் எடுத்தார்.

ஊர் சிரிக்கத் தன்னைக் காட்டிக்கொடுத்தவளின் முகத்தையே தன் காதாக நம்பினாரே, அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தானா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.