மாமி ஊற்றிய நெய் எங்கே போனது

எனக்கும் என் சகலனுக்கும் நிறை ஒன்றுதான். இதை இன்றைக்குச் சொன்னாலும் எங்கள் ஊரில் ஒரு ஆள் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும். நெல் மூட்டை நிறுக்கிற தராசில், ஆலைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஏறி இறங்கினோம். அவர் எழுபத்தாறு கிலோ. நான் எழுபத்தைந்தரை. அவருக்கு இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம், எனக்கு முப்பது. அந்தப் பன்னிரண்டு அங்குலத்தால் ஒரு குமர்ப் பெண்ணின் கலியாணம் குழம்பப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். போனவரை அந்த வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஊர் அவருடைய வயிற்றைப் பார்த்துத்தான் சொல்லும். ஆறு மாதத்தில் கன்னம் உப்ப வேண்டும். ஒரு வருடத்தில் கலியாணச் சட்டையின் பொத்தான் தெறிக்க வேண்டும். என் மாமிக்கு மூன்று பெண்மக்கள். மாமா மவுத்தாகி, அடக்கம் செய்து ஐந்து வருடத்துக்கு மேல். மாமியின் மானம் முழுக்க மருமக்களின் வயிற்றில்தான் இருந்தது. மூத்தவளைக் கலியாணம் முடித்த சகலன் ஆறு வருடமாக அந்த மானத்தைச் சுமந்துகொண்டு கல்முனைக் கடைத்தெருவில் ஆடி ஆடி நடப்பார். நடுவில் உள்ளவளை முடித்த நான்தான் பெயரைக் கெடுக்க வந்தவன்.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான். பால்மா டின் இரண்டுக்குள் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, நடுவே ஒரு தண்ணீர்க் குழாயைச் சொருகி, காய்ந்ததும் அதை மாமியின் வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து வைத்தேன். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் அதைத் தூக்குவேன். மாமி போடுகிற சோறு, இறைச்சி, முட்டை எல்லாம் தோளுக்கும் நெஞ்சுக்கும் தொடைக்கும் போனது. வயிற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டை போட்டுவிட்டால் நான் வெளியே பார்க்க ஒல்லி. கன்னம் வேறு ஒட்டிப்போய்க் கிடந்தது.

தெருவில் போகிற பெண்கள் மாமியைக் கேட்பார்களாம், "என்ன, சின்ன மருமகனுக்குப் பசியில்லையா?" என்று. கேட்கிற மாதிரிக் கேட்பது, குத்துகிற மாதிரிக் குத்துவது. மாமி உள்ளே வந்து சட்டி பானையைப் போட்டு உருட்டுவார். அந்தச் சத்தம் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது. அதனால்தான் சகலனை ஆலைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினேன். அதனாலும் ஒரு பயனும் இல்லை. நான் இடுப்பில் உடுத்த சாரத்துக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு ஏறினேன் என்று பின்னேரமே ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கடைசி மச்சினிக்குச் சம்மந்தம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கரைவலைச் சொந்தக்காரர். ஐம்பது பேர் கயிறு இழுக்கிற பெரிய வலை. மாப்பிள்ளைப் பெடியன் நல்லவன், மச்சினிக்கும் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடிகிற கட்டத்தில் தரகர் வந்து ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனார்.

"மாப்புளட வாப்பா சொல்லுறார், அந்த ஊட்டு மருமக்கள் ரெண்டு பேரையும் ஒருக்கா பாத்துப்போட்டுத்தான் முடிவு சொல்லுவாராம். வாற மாசம் வாடிக்குச் சாப்பாட்டுக்கு வரட்டாம். கடல் மனிசன், தராச நம்ப மாட்டார். தண்ணிக்குள்ள எறக்கிப் பாத்தா ஆளத் தெரியுமாம்."

மாமி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கொழுத்தவன் தண்ணீரில் மிதப்பான், காய்ந்தவன் தாழ்வான் என்பது கரைவலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விசயம். நான் தாழ்ந்தேன் என்றால் அந்த வீட்டில் மருமகனைப் பட்டினி போடுகிறார்கள் என்று அர்த்தம். அப்படியான வீட்டுக்கு எந்த வாப்பா மகனை அனுப்புவார்?

நான் மாமிக்கு விளக்கம் சொல்லப் போனேன். உடம்பைப் பற்றி ஒரு புத்தகத்தில் வாசித்து வைத்திருந்தேன், அந்தத் திமிர் வேறு. அடுப்பில் இறைச்சி ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க மாமி, நெய்யெல்லாம் மேல மிதக்கிது, இறைச்சி அடியில கெடக்கு. மனிசன்ட ஒடம்பும் இப்பிடித்தான். காக்காக்கு நெய் கூட, அதால மிதப்பார். எனக்கு இறைச்சி கூட, அதால தாழுவன். நிறை ஒண்டுதான்."

மூத்த ஆம்பிளையைக் காக்கா என்பது எங்கள் வழக்கம், சகலனையும் அப்படித்தான் கூப்பிடுவேன். மாமி ஆணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஒங்கள்ள நெய்யே இல்லையா மகன்? ஒரு வருசமா நான் ஊத்தின நெய்யெல்லாம் எங்க போன?"

அன்றைக்கே சீமெந்து டின்னைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன்.

பிறகு இருபத்தெட்டு நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் பாலும் முட்டையும், பத்து மணிக்கு வட்டிலப்பம், பகலைக்கு நெய்ச்சோறு, பின்னேரம் திரும்பவும் வட்டிலப்பம். படுத்தால் எழும்ப விடமாட்டார்கள், நடந்தால் இருக்கச் சொல்வார்கள். என் பெண்சாதி கூட, நான் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனால் வாளியைப் பறித்துக்கொள்வாள். தங்கச்சியின் வாழ்க்கை அல்லவா. இரண்டு கிலோ கூடினேன், அதுவும் முகத்துக்கு வரவில்லை. ஒரு நாள் வாய்க்காலுக்குப் போய் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். முதலில் கால் போனது, பிறகு இடுப்பு போனது, கடைசியில் மூக்கு மட்டும் வெளியே நின்றது. கரையில் நின்ற எருமை ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மேயப் போனது. அதற்கே பாவமாக இருந்திருக்கும்.

எனக்கு யோசனை சொன்னது சகலன்தான். "சாரத்துக்குள்ள காத்தப் புடிங்க தம்பி. சின்னப் புள்ளையில செய்யல்லியா?"

செய்தோம்தான். தண்ணீருக்குள் நின்று சாரத்தின் கீழ்விளிம்பைத் தூக்கி ஓங்கி அடித்தால் உள்ளே காற்று பிடிபடும். விளிம்பைச் சுருட்டிக் கையால் இறுக்கிக்கொண்டால் சாரம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிடும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் மிதக்கலாம். தெரியாத பிள்ளை எங்கள் கரையில் இல்லை.

அந்த நாளும் வந்தது. ஆறு கடலில் விழப் போகிற இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், அதன் கரையில்தான் வலை வைக்கிற ஓலைக் கொட்டிலான அவருடைய வாடி. மாமி மூன்று சட்டி நிறையச் சாப்பாட்டோடு வாடிக்குள் கிடுகு மறைப்புக்குப் பின்னால் இருந்தார். வலைக்காரர் கரையில் இருந்த தோணியில் சாய்ந்துகொண்டு, "எறங்குங்க மகன், குளிச்சிப்போட்டுச் சாப்பிடுவம்" என்றார். கண்ணை எங்களை விட்டு எடுக்கவில்லை.

சகலன் இறங்கினார். இறங்கியதும் மிதந்தார். கை கால் ஒன்றையும் அசைக்கவில்லை. மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோர்த்து வைத்துக்கொண்டு, தூங்கப் போகிறவர் போலக் கண்ணை மூடினார். நான் நெஞ்சளவு தண்ணீருக்குப் போய், திரும்பி நின்று சாரத்தை ஊதவைத்து, விளிம்பைத் தொடைக்கு நடுவே இறுக்கிக்கொண்டு மல்லாந்தேன். மிதந்தேன். வயிறும் பெரிதாகத் தெரிந்தது. கிடுகுக்குப் பின்னால் மாமி "மாஷா அல்லாஹ்" என்றது தெளிவாகக் கேட்டது.

இன்னும் ஒரு நிமிடம் தாங்கியிருந்தால் போதும். எங்கேயோ விளிம்பு நழுவிவிட்டது. காற்று முழுக்க ஒரே வழியால் வெளியே வந்தது. அது வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். எந்த மருமகனும் மாமிக்குக் கேட்கக்கூடாத சத்தம். அடுத்த கணம் கால் போனது, இடுப்பு போனது, இந்தமுறை மூக்கும் போனது. ஈரச்சாரம் காலில் சுற்றிக்கொள்ள, அடிமணலில் போய்க் குந்தினேன்.

என்னைத் தூக்கச் சகலன் சுழியோடினார். ஓடப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். தலை உள்ளே வந்தது, கையும் வந்தது, மற்றது ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அவருடைய கை எனக்கு மேலே ஒரு முழத்தில் துழாவுகிறது. பிறகு உருண்டு மேலே போய்விடுகிறார். திரும்பவும் வருகிறார், திரும்பவும் போகிறார். மூன்றாம் தரம் எனக்குச் சிரிப்பு வந்து தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

கடைசியில் வலைக்காரரே இறங்கி வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் நெஞ்சளவுதான். பிடித்த கையை விடாமல் அமத்திப் பார்த்தார். தோளை அமத்திப் பார்த்தார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று விளங்கியது. மச்சினியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

"எங்கட மாமியில பிழை இல்ல" என்றேன். "அவங்க நல்லாத்தான் போடுறாங்க. நான் சீமெந்து தூக்கிறவன். எல்லாம் இதுக்குள்ள போயிட்டு."

அவர் சிரித்தார். "அப்ப ஏன் மகன் இந்தக் காத்து வேல பாத்தீங்க? எனக்குப் பயம் வேற. என்ட மகன் வல இழுக்கிறவன். ஒங்கட ஊட்டு மூத்த மருமகன ரெண்டு மாசமாக் கடைத்தெருவில பாத்துப் பாத்து எனக்கு நித்திர இல்ல. இந்த ஊட்டுக்குப் போனா என்ட மகனும் இப்பிடி ஆயிருவான், மறுகா கயித்தப் புடிக்க மாட்டான் எண்டுதான் யோசிச்சன். நீங்க ஒரு வருசம் தின்டும் இப்பிடி இரிக்கிறீங்க. எனக்கு இது போதும். கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. கடல் மனிதருக்கு மெதுவாகப் பேச வராது. கிடுகுக்குப் பின்னால் இருந்த மாமிக்கும் எல்லாம் கேட்டது. சகலன் எங்களுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். வெட்கத்தில் தண்ணீருக்குள் முகத்தை மறைக்கப் பார்த்தார், அதற்கும் அவருடைய உடம்பு விடவில்லை.

மாமி காரில் போனார். நானும் சகலனும் ஒரு சைக்கிளில் வந்தோம். நான் மிதித்தேன், அவர் பின்னால் இருந்தார். பின்சில்லு பாவம். பாதி வழியில், எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"காக்கா, நாளையில இருந்து நீங்களும் வாங்களன். ரெண்டு பேருமாச் சீமெந்து தூக்குவம். சோத்தயும் கொஞ்சம் கொறைங்க."

"கொறைக்கலாம் தம்பி" என்றார் பின்னாலிருந்து. "நான் கலியாணம் முடிச்சி வந்து ஆறாம் மாசம் மாமா மவுத்தானார். அதுக்குப் பொறகு மாமி அடுப்படிக்கே போகல்ல. ஒரு நாள் நான் ரெண்டாந்தரம் சோறு கேட்டன். அண்டைக்குத்தான் எழும்பி வந்து சமைச்சாங்க. எனக்கு எங்க தம்பி அவ்வளவு பசி?"

ஏற்றமே இல்லாத அந்தத் தெருவில் எனக்கு மூச்சு வாங்கியது.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்து சாப்பிட இருந்தோம். மாமி சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அகப்பையைக் கையில் எடுத்தார், போடவில்லை. என் தட்டைப் பார்த்தார், சகலனின் தட்டைப் பார்த்தார். எவ்வளவு போடுவது என்று அந்த மனிசிக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாகச் சோறு போட்ட கை அப்படியே நின்றது.

சகலன் தட்டை நீட்டினார்.

"எனக்கு எப்பயும் போலப் போடுங்க மாமி. இண்டைக்கு நல்ல பசி."