அத்தாவோடு விருத்தாசலம் பார்த்த நாள்

அத்தா ஐந்து வருடம் சவூதியில் இருந்துவிட்டு விடுமுறையில் வந்தபோது எனக்கு ஏழு வயது. அதுவரை அப்பா என்பவர் எனக்குப் போனில் கேட்கும் ஒரு குரல்தான். அந்தக் குரலோடு நன்றாகப் பேசுவேன். பெட்டியோடு வந்து இறங்கிய தாடிக்காரரிடம் பேச்சு வரவில்லை. ஒரு நாள் வெளியே சுற்றிவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா எங்கள் இருவரையும் பெண்ணாடத்தில் பஸ் ஏற்றிவிட்டார்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் முந்திரிப்பழம் வாங்கித் தந்தார். சாறு வடிந்து கவுனில் பட்டது. அந்தக் கறை போகாது என்று எனக்கே தெரியும். அவர் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெரிய கோயிலைச் சுற்றி நடந்து கோபுரங்களைக் காட்டினார். பிறகு ஒரு பீங்கான் பட்டறைக்குப் போனோம். சூளைக்குப் போகாத வெள்ளை யானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தொட்டால் உடைந்துவிடும் என்று அங்கே வேலை செய்த அக்கா என்னிடம் சொன்னார். அத்தாதான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மதியம் அவர் தேடிய சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. அம்மாவும் நானும் வழக்கமாகச் சாப்பிடும் பரோட்டாக் கடைக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன்.

கடைக்காரருக்கு என்னைத் தெரியும். சால்னா ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அம்மா வரலியா பாப்பா? இவங்க யாரு?”

“எங்க வூட்டுக்கு வந்திருக்காங்க. அடுத்த வாரம் போயிடுவாங்க.”

கடைக்காரர் அவரைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார் அத்தா. “வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கேன்.”

தன் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து என் இலையில் போட்டார். அவருக்குப் பசியில்லை போலும் என்று நினைத்து அதையும் சாப்பிட்டு முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கெங்கே போனோம் என்று அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். கடையில் நான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் கிளம்பவில்லை. பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தார். வேலை போய்விடுமே என்று அம்மா கவலைப்பட்டார். அத்தாவோ தினமும் காலையில் என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட ஆரம்பித்தார். வகிடு கோணும், பின்னல் பத்து நிமிடத்தில் அவிழும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், இவங்க எப்பம்மா ஊருக்குப் போவாங்க என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். என் தலையில் ஓடிக்கொண்டிருந்த சீப்பு ஏன் நின்றது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.