சிவப்பில் நின்ற முள்

எங்கள் கார் பொய் சொல்லும். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. மாறாமல் ஒரே பொய்யைச் சொல்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவது எளிது. அந்தப் பொய்யை வைத்தே உண்மையைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

டீசல் முள் எப்போதும் தரையில் படுத்துக் கிடக்கும். டேங்க் தளும்பத் தளும்ப அடித்துக்கொண்டு வந்தாலும் 'எனக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை' என்று சாதிக்கும். விருந்து சாப்பிட்டுவிட்டு வெளியே போய்க் குறை சொல்கிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு என்பதால் அதை மன்னித்துவிட்டேன். வேக முள் நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் சாமி வந்ததுபோல் ஆடும். சிக்னலில் நின்றால்கூட ஆட்டத்தை நிறுத்தாது. இரண்டையும் தூக்கிச் சாப்பிடுவது சூட்டு முள். எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று காட்ட வேண்டிய அது, வண்டியைக் கிளப்பிச் சிங்காநல்லூர் சிக்னலைத் தொடுவதற்குள் சிவப்புக் கோட்டுக்கு ஏறி, வீடு திரும்பும்வரை அங்கேயே நிற்கும். எஞ்சினோ தன் பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதன்முதலாக அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று, வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்கள் ஊர் மரியாதை குறையாமல் திட்டினார். "ஏனுங்க அம்மணி, சாகறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறவர். மயிரிழை பிசகினாலும் பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைவார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி என்பார்களே, அந்த வரிசையில் பட்டறைக்காரர் காரையும் சேர்த்துக்கொள்ளலாம். மீட்டரைச் சரி பண்ணச் சொன்னால் "பாக்கலாம்" என்பார். அவர் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். 'ஆகட்டும்' என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்து படித்த பாஷை இது. ஒரு பரீட்சை வைத்தால் மாநிலத்திலேயே முதலாக வருவேன்.

இப்படி எல்லாம் ஒரு ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடி வந்தது.

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. தாராபுரத்தில் தோட்டம், தென்னை, வற்றாத கிணறு எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதற்கே பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். இப்போது பெண் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை ஊர்லயேவா இருப்பாருங்க?" இருப்பார் என்று சொன்ன மறு நிமிஷம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு பெண் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. பத்து வருஷம் தேடினேன். நான் பார்க்காத ஜாதகம் இல்லை, குடிக்காத காபி இல்லை. ஒவ்வொரு இடமும் தட்டிப் போகும்போது அவனுக்குப் போன் செய்து சொல்வேன். அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"அதனால என்னங்க்கா, நான் நல்லாத்தான் இருக்கறேன்."

எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

கடைசியில் ஒரு பெண், தையல் யூனிட் நடத்துகிறவள், தானாகவே சரி என்றாள். தோட்டத்தில் இருந்துகொண்டே யூனிட்டை நடத்திக்கொள்வேன் என்றாளாம். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முதல் நாள் மாலையில் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையும் அவனோடு கூடப் பிறந்தவளும் சேர்ந்து நிற்க, கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையிலும் ஒரு முனை இவள் கையிலும் இருக்க, சீர் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் நடத்தி வைப்பார். கல்யாணத்தில் அக்காவுக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். பத்து வருஷக் காபிக்கு எனக்குக் கிடைக்கப்போகிற கூலியும் அதுதான். நான் இல்லாவிட்டால் பெரியப்பா மகள் நிற்கலாம், முறைதான். பெரியப்பா மகளுக்கு அந்த ஆசை உண்டு. "அக்காவுக்கு மொழங்கால் வலி, அத்தன நேரம் நின்னுக்குவாளா, பாவம்" என்று பத்திரிகை அடிப்பதற்கு முன்பிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பட்டுச்சேலையும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் பந்தல் வேலையைப் பார்க்கத் தாராபுரத்து மண்டபத்துக்கு முந்தின நாளே பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டார். நான் போக முடியவில்லை. ஜாக்கெட் தைக்கிறவர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து, இணைச்சீர் அன்று மதியம்தான் கொடுத்தார். முந்தின நாள் கிளம்பும்போதே வீட்டுக்காரர் கார்ச் சாவியைக் கையில் கொடுத்து, "வண்டி ரெடியா இருக்குது, தைரியமா எடுத்துட்டு வா" என்று சொல்லிச் சிரித்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

மதுக்கரைக்குப் போய் அவருடைய அக்காவை ஏற்றிக்கொண்டேன். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி, அதிர்ந்து பேசமாட்டார். பட்டுச்சேலை கசங்காமல் பின் சீட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்லடம் ரோட்டைப் பிடித்து நிதானமாகப் போகும்போதுதான் மீட்டரைக் கவனித்தேன்.

டீசல் முள் முக்காலில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் என்றதும் இதுவும் சோடித்துக்கொண்டு வந்துவிட்டதே என்று நினைத்தேன். வேக முள் ஆடாமல் அசையாமல் அறுபதில் நின்றது. சரி, ஆடி ஆடிச் சிக்கிக்கொண்டது போல. ஆனால் சூட்டு முள்ளைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது சிவப்புக்குப் போகவே இல்லை. சூலூர் தாண்டியும் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. பத்து வருஷமாகப் பார்த்த முகம் திடீரென்று மாறினால் பயம் வராதா? கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். அசையவில்லை. போகிற வழியில் என்ன ஆகுமோ, மாசாணியம்மா காப்பாத்து என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள் மெல்ல எழுந்தது. ஏறியது. போய்ச் சிவப்பில் நின்றது.

"அப்பாடா" என்றேன்.

"என்ன கண்ணு?" என்றார் நங்கையா.

"முள்ளு பழையபடி வந்திருச்சுங்க. இத்தன நேரம் பயந்துட்டே இருந்தேன்."

அவர் முன்னால் எட்டிப் பார்த்தார். "செவப்புல நிக்குதே கண்ணு. அப்படி நிக்கலாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நங்கையா. அதோட எடமே அதுதானுங்க."

"அப்படியா, சரி கண்ணு" என்று சாய்ந்துகொண்டார். எங்கள் பக்கம் ஒரு தடவை கேட்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவை கேட்டால் எதிராளியை நம்பவில்லை என்று ஆகிவிடும். இந்த மரியாதையால் கொங்கு நாட்டில் எத்தனை எஞ்சின் போயிற்றோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. அந்த ரோட்டில் எந்த நாற்றம் வந்தாலும் கோழிப்பண்ணை மேல் பழி போட்டுவிடலாம், போட்டுவிட்டேன். ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி நங்கையா கேட்டார், அனல் அடிக்கிறதாம். நிறுத்தினேன். குண்டடம் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றுகிற பொட்டல் காட்டில், போனட்டிலிருந்து புசுபுசுவென்று புகை கிளம்பியது. புகை இல்லை, ஆவி. வண்டி இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"வண்டி நின்னு போச்சுங்க. குண்டடத்துக்கு இந்தப் பக்கம். ஒரே ஆவியா வருதுங்க."

"ரேடியேட்டர் ஓஸ் கிழிஞ்சிருக்கும். முள்ளு எங்க நிக்குது?"

"செவப்புலதானுங்க."

"எப்ப இருந்து?"

"பல்லடத்துல இருந்து."

அவர் மண்டபத்துக்கு வெளியே வந்தார் போல. மேளச் சத்தம் குறைந்தது.

"அதப் பாத்துட்டேவா ஓட்டிட்டு வந்தே?"

"பத்து வருசமா அங்கதானுங்களே நிக்குது!"

"அம்மணி, அத நான் சரி பண்ணிப்போட்டேன்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "உக்கடத்துல ஒரு பாய்கிட்டக் குடுத்து மூணு முள்ளையும் சரி பண்ணிப்போட்டேன். சொல்லாம வெச்சிருந்து, நீயே பாத்து ஆச்சரியப்படட்டும்னு."

பத்து வருஷம் கெஞ்சினபோது செய்யாத மனுஷன், தம்பி கல்யாணத்துக்கென்று பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் செய்திருக்கிறார். அந்த முள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்து அப்பாடா என்று மூச்சு விட்டவள் நான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மை கலையும் என்று கோபப்பட்டேன். போனில் நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. நங்கையா மரியாதையாகக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருடைய தம்பியைத்தானே திட்டுகிறேன்.

"சீரு ஆறு மணிக்குன்னு அருமைக்காரர் சொல்லிப்போட்டாரு" என்றார் வீட்டுக்காரர். "நான் வண்டி பாத்து எடுத்துட்டு வாரேன்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மண்டபத்தில் வண்டி தேடிப் பிடித்து, வந்து, ஏற்றி, திரும்பிப் போவதற்குள் பெரியப்பா மகள் சேலை கட்டி, பூ வைத்து, முனையைப் பிடித்து, போட்டோவும் எடுத்து முடித்திருப்பாள். நான் ரோட்டு நடுவில் போய் நின்று கையை நீட்டினேன். பட்டுச்சேலையும் நகையும் போட்ட பொம்பளை நடு ரோட்டில் நின்றால் கார்க்காரர்கள் பயந்து இன்னும் வேகமாகப் போகிறார்கள். நின்றது ஒரு பிராய்லர் கோழி வண்டி.

டிரைவர் எங்கள் இரண்டு பேரையும், எங்கள் சேலைகளையும், பின்னால் கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கோழி வண்டிங்க இது" என்றார்.

"தெரியுதுங்க. தாராபுரத்துல மண்டபத்து வாசல்ல எறக்கி உட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

அந்த வண்டியில் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. ஓட்டைக்குள் ஒரு பீடிக்கட்டும் எலுமிச்சம்பழமும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மண்டபத்து வாசலில் கோழிச் சத்தத்தோடு போய் இறங்கினோம். பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். மணி ஆறைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை.

"சீரு முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "நேரம் போகுது, பெரியப்பா மகளையே நிறுத்திரலாம்னாங்க. அவளும் வந்து நின்னுட்டா. உன்ற தம்பி சேலைய மடிச்சுக் கீழ வெச்சுட்டு, எங்கக்கா வரட்டுமுங்க அப்படீன்னு சொல்லி உக்காந்துட்டான். அருமைக்காரர் சத்தம் போட்டுப் பாத்துட்டாரு. எந்திரிக்கவே இல்ல."

என் தம்பியா? கறிக்கு உப்புப் போதவில்லை என்றால்கூடச் சொல்லமாட்டானே அவன்!

மேடைக்கு ஓடினேன். பெரியப்பா மகள் தலைநிறையப் பூவோடு ஓரமாக ஒதுங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டாள். தம்பி எழுந்தான். சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள், ஒரு முனை அவன் கையில். அருமைக்காரர் கடுகடுவென்று ஆரம்பித்தார். தம்பி முன்னால் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்குதுங்க்கா."

'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லடம் ரோட்டில் நங்கையாவிடம் சொன்ன அதே வார்த்தை. விழுங்கிக்கொண்டேன்.

"என்ன பயம் கண்ணு?"

"இத்தன வருசம் தனியாவே இருந்துட்டேன். இனி ஒருத்தி வந்தா, அவ கூட எப்படி இருக்கோணும்னு எனக்குத் தெரியலீங்க்கா. அம்மா போனதுல இருந்தே ராத்திரி சோறு ஆக்கறதில்ல. ஒராளுக்கு எதுக்குன்னு உட்டுட்டேன்."

நான் நல்லாத்தான் இருக்கறேன் என்று இவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது.

"எனக்கும் தெரியல கண்ணு" என்றேன். "இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. உங்க மாமா இன்னும் சொல்லாமத்தான் மீட்டரச் சரி பண்ணறாரு. நீ எதா இருந்தாலும் அவகிட்டச் சொல்லிப்போடு. நாளைக்கே சொல்லிப்போடு."

அவன் சிரித்துவிட்டான். அருமைக்காரர் முறைத்தார். சிரிப்பு அடங்கின பிறகு அவன் தன் முனையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். நான் என் முனையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.