ஒரே காலையில் நஞ்சையான நிலம்

அப்பா சாகும் முன் கீழ்பென்னாத்தூர் சாலையோரம் ஒரு ஏக்கரை என் பெயருக்கு எழுதி வைத்தார். மீதியெல்லாம் அண்ணனுக்கு. பெண்ணுக்கு எதற்கு நிலம் என்று அண்ணன் அன்றே கேட்டார். அப்பா கையெழுத்தைப் போட்டார்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். திருவண்ணாமலையில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். என் நிலத்துக் கிணறு வறண்டு ஏழெட்டு வருடமாகியிருந்தது. கடைசியாகப் போட்ட மல்லாட்டைக் கடலை பூவிலேயே கருகிப்போனது. பிறகு எருக்கஞ்செடிதான் வளர்ந்தது.

என்னோடு சமைத்த அக்கா காலனியைச் சேர்ந்தவர். பள்ளமான இடம். ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்த புடவையோடு வந்தார்.

“வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி டீச்சர். குந்தறதுக்கு இடமில்ல.”

“என் நெலத்துல மனை போட்டா வாங்கறீங்களா?”

அரிசி களைந்துகொண்டிருந்தவர் சிரித்தார். “நீங்க குடுத்துடுவீங்க. ஊரு உடுமா?”

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. என் நிலத்துக்கு ஊர் எதற்கு அனுமதி தர வேண்டும்? அந்த வாரமே விண்ணப்பம் போட்டேன். விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற வேண்டும். பிறகுதான் மனை பிரிக்கலாம். எட்டு மனை, நடுவில் ஒரு தெரு என்று வரைபடம் தயாரானது. யாருக்காக என்பதை நான் மறைக்கவில்லை.

அண்ணன் சத்துணவுக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

“சோறு போட்ட மண்ண கூறு போடறியே, அப்பா மனசு என்னா பாடுபடும்?”

“போன வருஷம் நீங்க டவுன் ஆளுங்களுக்கு பிளாட் போட்டப்ப அப்பா மனசு எங்கண்ணா போச்சு?”

“அது வேற. வாங்கனவங்க வேற.”

“அதச் சொல்லுங்க. மண்ணப் பத்திப் பேசாதீங்க.”

அடுப்படியிலிருந்த அக்கா தலை நிமிரவில்லை. அண்ணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். பத்து நாளில் ஆட்சேபணை மனு போனது: அது நஞ்சை, முப்போகம் விளைகிற பூமி, வீடு கட்ட விடக்கூடாது.

நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். காலை பஸ்ஸில் இறங்கிய எனக்கு முதலில் இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்றிருந்தது. சாலையோரம் பாதி நிலம் உழுது, தண்ணீர் கட்டி, வரிசையாக நாற்று நட்டிருந்தது. வரப்பில் அண்ணன், ஊர்க்காரர்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தார்.

“பாருங்க சார், பச்சப் பயிரு. இதப் போயி தரிசுன்னு எழுதிக் குடுத்திருக்குது,” என்றார்.

அதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு பிடி நாற்றைப் பிடுங்கினேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கையோடு வந்தது.

“சார், இது இன்னைக்குக் காலையில நட்டது. வேர் எங்கயாவது புடிச்சிருக்குதா, நீங்களே பாருங்க. என் கெணத்தயும் எட்டிப் பாருங்க. பொட்டுத் தண்ணி இல்ல. அப்ப இந்தத் தண்ணி எப்படி வந்திச்சி?”

அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு ஈரத் தடத்தோடு நடந்தார். அது அண்ணன் மோட்டார் கொட்டகையில் போய் முடிந்தது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, “அடுத்தவங்க நெலத்துல நட்டது யாருங்க?” என்றார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

அதோடு முடியவில்லை. பஞ்சாயத்துத் தீர்மானத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். வேலை முடிந்ததும் அலுவலகப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். “உனக்கு வீடு வாசல் இல்லியாம்மா?” என்று எழுத்தர் ஒருநாள் சலித்துக்கொண்டார். “வீட்டுக்காகத்தாங்க உக்காந்திருக்கேன்,” என்றேன். கடைசியில் உத்தரவு வந்தது. தெருவுக்குக் கல் நட்டபோது குறுக்கே முள் வெட்டிப் போட்டார்கள். நானும் அக்காவும் அரிவாள் எடுத்துப் போய் அப்புறப்படுத்தினோம்.

எட்டில் ஐந்து மனை காலனிக் குடும்பங்களுக்குப் போனது. முதலில் எழுந்தது அக்காவின் வீடு. கிரகப்பிரவேசத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், சாலையில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி.

அண்ணன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். உறவுக்காரர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.